அறுபது வினாடிப் பொறுமை

கோவை காந்திபுரத்தில் கேம் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. ஆட்டம் நடுவில் நின்றுபோச்சு, திரை கறுத்துப்போச்சு, கலர் கலராகக் கோடு விழுது என்று யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், மூடியைக் கழற்றுவதற்கு முன்பே தப்பு எங்கே என்று சொல்லிவிடுவேன். பத்தில் எட்டு கிராபிக்ஸ் டிரைவர்தான். ஆட்டத்துக்கும் படம் வரைகிற சில்லுக்கும் நடுவே நின்று பேசிக்கொடுக்கிற மென்பொருள் அது. அது உளற ஆரம்பித்தால் ஆட்டம் காலி. எனக்குத் தெரியாத டிரைவரா என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. நேற்றுவரை இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இலக்கியா கடைக்குள் வரும்போதே சண்டை போடுகிற முகத்தோடுதான் வந்தாள். முப்பத்துநாலு, முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்தில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு கேமரா. கம்பெனிக்காரன் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறான். நம் ஜனங்கள் விடுவார்களா? வந்த முதல் வாரமே நெத்திக்கண் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பார்வை போனவர்களுக்குக் கேமரா பார்ப்பதை ஒரு சில்லு வரைந்து, காதுக்குப் பின்னால் இருக்கும் கருவி வழியாக மூளைக்கு அனுப்பும். இப்போது ஊரில் தெருவுக்கு இரண்டு பேராவது வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக அவர்களுக்கு வண்டி ஓட்டவும் உரிமம் தருகிறார்கள்.

"ஏனுங்ணா, நீங்கதான் கேம் டாக்டரா?"

"சென்னியப்பன். டாக்டர் எல்லாம் இல்லைங்க. என்ன பிரச்சினை?"

"எம் பொண்ணுகூட மீன்கோட்டைன்னு ஒரு கேம் ஆடறேனுங்க. ஒரு மணி நேரத்துல பத்து வாட்டி கட் ஆகுது. உங்களுக்கெல்லாம் கட் ஆனா மானிட்டர்தான் போகும். எனக்குக் கண்ணே போகுது."

கேட்டதும் எனக்கே திக்கென்றது. நெத்திக்கண்காரர்களுக்கு மானிட்டர் தேவையில்லை, ஆட்டம் நேரே கண்ணுக்குள்ளேயே ஓடும். ஆனால் ஆட்டத்தை வரைவதும் உலகத்தை வரைவதும் ஒரே சில்லு, ஒரே டிரைவர். ஆட்டத்தில் டிரைவர் விழுந்தால் உலகமும் சேர்ந்து விழும்.

"எத்தனை நேரம் இருட்டாகுது?"

"நாலஞ்சு செகண்டு. நாலஞ்சு செகண்டுதானேன்னு கம்பெனியில சொல்றாங்க. நான் ஆறு வருஷம் இருட்டுல கெடந்தவ. ஒவ்வொரு வாட்டியும் செத்துப் பொழைக்கிறேன். மறுபடி வருமா வராதான்னு ஈரக்கொலை நடுங்குதுங்ணா. நேத்து அடுப்புல எண்ணெய் கொதிக்குது, ஆட்டம் ஓரத்துல ஓடிட்டிருக்குது, பட்டுனு போயிருச்சு. ஆதிரை பக்கத்துல நிக்கிறா. எம் பொண்ணு."

"சமைக்கிறப்ப எதுக்குங்க ஆட்டம்?"

"அதுல பொம்மை மீனு ஒண்ணு இருக்குது. அவ ஸ்கூல்ல இருந்து அது மூலமா எனக்கு ஏதாச்சும் எழுதிப் போடுவா. அதை மூட மனசு வரமாட்டேங்குது."

மூடச் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. சொன்னால் நான் என்ன கேம் டாக்டர்?

என்னோடு பதினைந்து வருடமாகக் கடையில் கூட்டாளியாக இருப்பவள் பிரிசில்லா. சாலிடரிங் வேலையெல்லாம் அவள் கை. நான் இலக்கியாவின் கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து அமைப்புகளைத் திறந்தபோது பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"பொறுமையைக் கூட்டப் போறேன்."

எங்கள் தொழிலில் இது பாலபாடம். சில்லிடம் ஒரு படம் கேட்டால் இரண்டு வினாடிக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் டிரைவர் செத்துவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டி, அதைக் கொன்று மறுபடி எழுப்பும். ஆட்டம் கட் ஆவது அப்போதுதான். உண்மையில் பாதி நேரம் டிரைவர் சாகவே இல்லை, கொஞ்சம் திணறுகிறது, அவ்வளவுதான். அந்த இரண்டை அறுபதாக்கிவிட்டால் படம் கொஞ்சம் உறைந்து நிற்கும், பிறகு தானே ஓடும். ஆயிரம் மெஷினுக்குச் செய்திருப்பேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

"அது மெஷினு. இது கண்ணு," என்றாள் பிரிசில்லா. "அவங்க ரெண்டு செகண்டுன்னு வெச்சிருக்கறதுக்கு ஏதாச்சும் காரணம் இருக்கும்ண்ணா."

"காரணம் என்ன காரணம்? வக்கீல் சொல்லியிருப்பான். நாளைக்குக் கேஸ் வரக்கூடாதுன்னு."

அறுபது என்று அடித்தேன். கடையிலேயே உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஆடச் சொன்னேன். ஒரு முறைகூடக் கட் ஆகவில்லை. உறையவும் இல்லை. உறையும் என்று எதிர்பார்த்தேனே, அதுவும் இல்லையே என்று எனக்கே ஒரு சின்ன ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். பெருமையில் விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது இலக்கியாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "இருட்டை எடுத்துட்டீங்கண்ணா. நல்லா இருப்பீங்க" என்றாள். ஒரு நாளைக்கு அவள் கருவியைக் கடையிலிருந்தே பார்த்துக்கொள்ள வழக்கம்போல அனுமதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

*

சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு, வேறொருவர் விட்டுப்போன பழைய நெத்திக்கண் ஒன்றை மேசைமேல் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் அறுபது. மீன்கோட்டையை ஓட்டினேன். இரண்டு மானிட்டர் போட்டிருந்தேன். இடதுபக்கம் கேமரா பார்ப்பது அப்படியே. வலதுபக்கம் டிரைவர் வரைந்து மூளைக்கு அனுப்புவது. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும், இருக்கவேண்டும்.

பிரிசில்லா இரண்டு கையிலும் டீ கிளாஸோடு வாசலில் வந்தாள். அந்த நேரம் பார்த்து டிரைவர் திணற ஆரம்பித்தது, மூலையில் வினாடி எண்ணிக்கை ஓடியது. இடது மானிட்டரில் பிரிசில்லாவின் போன் அடித்தது. நின்றாள், கிளாஸ்களை ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பி வெளியே போனாள்.

வலது மானிட்டரில் அவள் நிற்கவே இல்லை. நடந்து வந்தாள். மேசைக்கு வந்தாள். டீயை என் முன்னால் வைத்தாள். நிமிர்ந்து சிரித்தாள்.

நான் மேசையைப் பார்த்தேன். டீ இல்லை. பிரிசில்லா வெளியே யாரிடமோ கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். வலது மானிட்டரில் அவள் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். தினமும் அவள் அப்படித்தான் உட்காருவாள். முப்பத்தெட்டாவது வினாடியில் டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தது. நாற்காலியில் இருந்தவள் சுவடே இல்லாமல் காணாமல் போனாள்.

வெளியே பார்த்துப் பிரிசில்லாவைக் கூப்பிட்டேன்.

அவள் உள்ளே வந்ததும் பதிவை மறுபடி ஓட்டிக் காட்டினேன். குனிந்து தன்னையே பார்த்தாள்.

"இது யாரு?"

"நீதான். நீ என்ன பண்ணியிருப்பேன்னு அதுவா வரைஞ்சது."

"உறைஞ்சு நிக்கும்னுதானே சொன்னீங்க?"

"மானிட்டர்ல நிக்கும். கண்ணுல படம் நின்னா ஆளுக்குத் தலை சுத்தும், கீழே விழுந்துருவாங்க. அதனால நிக்க விடாம, அடுத்து என்ன நடக்கும்னு ஊகிச்சு வரைஞ்சு ஒட்டிக்குது. ரெண்டு செகண்டுக்காகச் செஞ்ச ஒட்டு. ரெண்டு செகண்டுல ஊகம் தப்பாது. நான் அதை..."

"அறுபதாக்கிட்டீங்க."

"அந்த இருட்டு இருக்கே, அது பழுது இல்ல பிரிசில்லா. இதுக்கு மேல எனக்குத் தெரியலைன்னு அது சொல்றதுதான் அந்த இருட்டு. நான் அது வாயைப் பொத்திட்டேன்."

"சென்னிண்ணா, அந்தப் பொண்ணு வந்தது ஸ்கூட்டர்ல."

*

மூன்று முறை அடித்தும் இலக்கியா போனை எடுக்கவில்லை. பிரிசில்லா கடை போனிலிருந்து அடித்துக்கொண்டே இருக்க, நான் அவள் கருவியைத் தொலைவிலிருந்து பார்க்கிற திரையைத் திறந்தேன். கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன். இணைப்பு வந்தது. இடதில் ஒன்று, வலதில் ஒன்று. இரண்டிலும் ஒரே சாலை, ஸ்கூட்டரின் கைப்பிடி, அவளுடைய இரண்டு கை. வலதின் ஓரத்தில் மட்டும் அந்தப் பொம்மை மீன், ஆட்டத்தை மூடாமலே ஓட்டுகிறாள். மணி பன்னிரண்டு ஆக இரண்டு நிமிடம். நல்லவேளை, மற்றபடி இரண்டும் ஒன்றாக இருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

வலது மூலையில் எண் ஓட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

அவள் ஒரு பள்ளிக்கூடத் தெருவுக்குள் திரும்பியிருந்தாள். நேர் சாலை. தூரத்தில் நீலக் கதவு மூடியிருந்தது. சனிக்கிழமை அரைநாள், மகளைக் கூட்டிப்போக வருகிறாள் என்று புரிந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. இடதில் அந்த நீலக் கதவு திறந்தது. வலதில் திறக்கவில்லை.

காதில் மாட்டியிருந்த போனில் இலக்கியா எடுத்தாள், பிரிசில்லா ஸ்பீக்கரில் போட்டாள். "வண்டி ஓட்டிட்டிருக்கேன், யாருங்க?"

"நான் சென்னியப்பன்ங்க! வண்டியை ஓரமா நிறுத்துங்க. உடனே!"

"என்னாச்சுங்ணா? இதா, ஸ்கூலுக்கு வந்துட்டேன்..."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க! நீங்க பாக்கறது நிஜமில்ல!"

"என்ன சொல்றீங்க? ரோடு காலியாத்தான கெடக்குது."

பதினேழு, பதினெட்டு. இடதில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் கதவிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். வேனுக்கு வரிசை நிற்கச் சொல்லி வாட்ச்மேன் விசில் ஊதுகிறார். மதில் ஓரமாக வரிசை வளர்கிறது. வலதில் அதே மதில், வெயில், ஆள் இல்லை. வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

"புள்ளைங்க சத்தம் கேக்குதா உங்களுக்கு?"

"கேக்குதுங்க. விசிலும் கேக்குது. ஆனா கேட்டு மூடித்தான இருக்குது. உள்ள விளையாடுதுகளாட்ட இருக்குது."

ஆறு வருடம் காதை மட்டும் நம்பி நடமாடியவள். கண் வந்ததும் காதை நம்ப மறந்திருந்தாள். குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"சரி, சரி, ஓரமா நிறுத்தறேன். பதறாதீங்க" என்றாள். கைப்பிடி இடப்பக்கம் திரும்பியது.

இடப்பக்கம் மதில். மதில் ஓரம்தான் வரிசை. காலியான இடம் பார்த்துத்தான் திருப்புகிறாள், நான் சொன்னேன் என்றுதான் திருப்புகிறாள். வரிசையில் ஒரு குட்டிப் பையன் குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தான். அவன் தலை இடது மானிட்டரில் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஓரம் வேண்டாம்! அங்கயே பிரேக் புடிங்க! பிரேக்!"

"எதுக்குங்ணா, யாருமே..."

அதற்கு மேல் நான் பேசவில்லை. டிரைவரைக் கொல்லும் பொத்தானை அழுத்தினேன்.

வலது மானிட்டர் கறுத்தது. அவள் அலறினாள். அந்த அலறலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், அம்மா என்றோ ஆதிரை என்றோ இல்லாமல் வெறும் சத்தம். ஓடுகிற வண்டியில் ஒரு பெண்ணின் இரண்டு கண்ணையும் நான் பிடுங்கிவிட்டேன். ஆனால் இருட்டு வந்ததும் அவள் உடம்புக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது. பிரேக் கிறீச்சிட்டது. இடது மானிட்டரில் வானம் சுழன்றது, வேனின் டயர், தார் ரோடு, அப்புறம் பக்கவாட்டில் நிறைய சின்னச் சின்னக் கால்கள். ஷூ கட்டிக்கொண்டிருந்த பையன் கட்டாத நாடாவோடு ஒரு சாண் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"முருகா, முருகா" என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தது பிரிசில்லா. அவள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்.

ஐந்தாவது வினாடியில் வலது மானிட்டர் உயிர்பெற்றது. இரண்டும் ஒன்றாகின. யார் யாரோ வந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தார்கள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, வேறு ஒன்றுமில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு இரட்டைச் சடையோடு ஒரு பெண் குழந்தை ஓடிவந்து முன்னால் நின்றது.

"அண்ணா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"அங்க உங்களுக்கு நிஜம் தெரியுதா?"

"தெரியுது."

"என் முன்னாடி ஆதிரை நிக்கிறா. அழுதுட்டு நிக்கிறா. நிஜமாவே நிக்கிறாளா, இல்ல வந்திருப்பான்னு அதுவா வரையுதா? நீங்க பாத்துச் சொல்லுங்க."

ஒரு தாய் தன் பிள்ளை எதிரே நிற்கிறதா என்று பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு கடைக்காரனிடம் கேட்கிறாள். ஓ என்று அழ வேண்டும்போல இருந்தது. "நிக்கிறாம்மா, நிஜம்தான், தொட்டுப் பாருங்க" என்றேன். அவள் தொடவில்லை. முதலில் கையைத் தூக்கி நெற்றியில் இருந்த கேமராவைப் பொத்திக்கொண்டாள். இரண்டு மானிட்டரும் கறுத்தன. அதற்குப் பிறகு விசும்பல் மட்டும் கேட்டது, இரண்டு பேருடையது.

கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அந்த ரெண்டு செகண்டையே திருப்பி வெச்சிருங்க. இருட்டு வந்தா வரட்டும்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு என்று மாற்றினேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

*

ஒன்றை இதுவரை சொல்லாமல் விட்டுவிட்டேன். மறந்து அல்ல, வெட்கத்தில்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இலக்கியா கண் கலங்கிப் போனாளே, அந்தப் பெருமை தாங்காமல் நான் ஒரு காரியம் செய்தேன். பழுதுபார்ப்பவர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தமிழ்நாடு முழுக்க அறுநூற்றுச் சொச்சம் கடைக்காரர்கள். யாருக்கு எந்தப் பழுது பிடிபட்டாலும் அன்றைக்கே குழுவில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். தொழில் ரகசியம் என்று மூடி வைப்பவனை நாங்கள் மதிக்கமாட்டோம். நெத்திக்கண்ணில் கேம் கட் ஆகாமல் இருக்க வழி என்று எங்கே போய் எந்த எண்ணை மாற்றவேண்டும் என்று படம் பிடித்துப் போட்டிருந்தேன்.

பிரிசில்லாதான் ஞாபகப்படுத்தினாள். குழுவைத் திறந்தேன். கும்பிடுகிற கைகளும் கட்டைவிரல்களும் வரிசையாக.

சேலத்திலிருந்து ஒருவர்: "அண்ணே சூப்பர். காலையில இருந்து எட்டுப் பேருக்குப் போட்டேன். ஒருத்தரும் திரும்பி வரல."

நாகர்கோவிலிலிருந்து: "என் மச்சினனுக்கே மாத்தியாச்சு. டவுன் பஸ் ஓட்டுதான். கண்ணு இப்பதான் கண்ணாட்டம் இருக்குன்னு சொல்லுதான்."

உள்ளூரிலேயே ஒருவர்: "நம்ம ஏரியா வேன்காரங்க சங்கத்துல மொத்தமா பண்ணிக் குடுத்துட்டேன் தலைவா."

பதிவை அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம்? உடனே திருப்பி மாற்றுங்கள், உயிர் போகிற விஷயம் என்று கொட்டை எழுத்தில் போட்டேன். பதிலாக ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. "கம்பெனிக்காரன் மிரட்டிட்டானா அண்ணே?" என்று கேட்டிருந்தார்கள். பிரிசில்லா ஒரு போனிலும் நான் ஒரு போனிலுமாக ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தோம். பாதிப் பேர் எடுத்தார்கள். எடுத்தவர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். மூன்று மணிக்கு என் போனில் சார்ஜ் தீர்ந்தது. வீடு எதிர்ச்சாரியில்தான், சார்ஜரை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சாலை ஓரத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். இருபத்தெட்டு வருடமாகக் கடக்கிற சாலை. ஒரு பால் வேன் வந்து வேகம் குறைந்தது. ஓட்டுகிறவர் நெற்றியில் அந்தச் சாம்பல் நிறக் கேமரா. என் பக்கம் திரும்பி, சிரித்து, போங்க போங்க என்று கையைக் காட்டினார். நல்ல மனுஷர்.

நான் சிரித்துத் தலையாட்டினேன். ஒரு காலை எடுத்துச் சாலையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா குடையோடு கடந்து போயிருந்தார், அரை நிமிடம் இருக்கும். இப்போது எதிர்ச்சாரியில் கறிகாய் வாங்கிக்கொண்டிருந்தார். வேன்காரர் இன்னும் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார், என்னைப் பார்த்துத்தானா, அவர் கண்ணுக்குள் இன்னும் கடந்துகொண்டிருக்கிற அந்தக் குடை அம்மாவைப் பார்த்தா என்று தெரியவில்லை. வேன் மெதுவாக உருண்டு வந்துகொண்டிருந்தது. நான் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.